முதலில் அடைக்க வேண்டியது வீட்டுக்கடன் அல்ல

கையில் நாலு காசு சேர்ந்தால் அதை அப்படியே கொண்டுபோய் வீட்டுக்கடனில் கட்டிவிடு என்பது இப்போது மன்னார் மாவட்டத்து முசலியிலும் வேதவாக்காகிவிட்டது. கட்டாரிலிருந்து பேசும் மச்சான் சொல்கிறார். யூடியூப்பில் குடும்பக் கணக்குச் சொல்லித்தருபவர் சொல்கிறார். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நின்று பேசும் ஓய்வுபெற்ற அதிபரும் அதையேதான் சொல்கிறார். பதினைந்து வருடக் கடனைப் பத்து வருடத்தில் முடித்தவர் ஊருக்குக் கெட்டிக்காரர். தவணைப்படி கட்டிக்கொண்டிருப்பவர் கணக்குத் தெரியாதவர். சிலாவத்துறையிலும் கொண்டச்சியிலும் அரிப்பிலும் கடலையும் வயலையும் நம்பிப் பிழைக்கிற குடும்பத்துக்கு இந்த அறிவுரை உதவாது என்பதே என் வாதம். உதவாமல் போனால்கூடப் பரவாயில்லை. கடனை அடைக்கச் சொல்லும் அந்தப் பேச்சே பல குடும்பங்களை இன்னும் பெரிய கடனுக்குள் தள்ளுகிறது.

முதலில் அவர்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பத்து இலட்சம் ரூபா வீட்டுக்கடன், 12 வீத வட்டி, பதினைந்து வருடத் தவணை என்று வைத்துக்கொள்வோம். மாதக் கட்டணம் ஏறத்தாழ 12,000 ரூபா. ஐந்து வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகும் 8 இலட்சத்து 36 ஆயிரம் முதல் நிலுவையில் நிற்கும். அதுவரை கட்டிய 7 இலட்சத்து 20 ஆயிரத்தில் பெரும்பகுதி வட்டிக்கே போயிருக்கும். அந்த நேரம் பார்த்து நல்ல பாடு அமைந்து இரண்டு இலட்சம் மிஞ்சுகிறது. அதை மொத்தமாகக் கட்டி, மாதக் கட்டணத்தையும் பழையபடியே செலுத்திவந்தால், மீதிக் கடன் 120 மாதத்துக்குப் பதிலாக 76 மாதத்திலேயே முடிந்துவிடும். 44 மாதக் கட்டணம், அதாவது 5 இலட்சத்து 28 ஆயிரம் ரூபா, மிச்சம். இரண்டு இலட்சத்தைக் கொடுத்து ஐந்தே கால் இலட்சத்துக்கு மேல் தவிர்த்தோம் என்று அவர்கள் மார்தட்டுவதில் கணக்குப் பிழை எதுவும் இல்லை.

பிழை காலத்தில் இருக்கிறது. அந்த 44 மாத இலாபம் கைக்கு வருவது ஆறு வருடமும் நாலு மாதமும் கழிந்த பிறகு. அதுவரை அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் கட்ட வேண்டியது அதே 12,000. சோழகக் காற்றுக் கிளம்பி மூன்று வாரம் படகு கரையில் கிடந்தால், "போன மாசம் ரெண்டு லட்சம் கூடக் கட்டினேனே, இந்த மாசத்துக் கட்டணத்தை அதில் கழியுங்கள்" என்று வங்கியில் போய்ச் சொன்னால் நடக்காது. முன்கூட்டிக் கட்டிய பணம் பெரும்பாலும் முதலைத்தான் குறைக்கும். வரப்போகும் தவணையைத் தள்ளிவைக்காது. இரண்டு இலட்சம் கூடுதலாகக் கட்டியவரும் அந்த மாதம் கட்டத் தவறினால் தவணை தவறியவர்தான். கடன் தகவல் பணியகத்தின் (கிரிப்) அறிக்கையிலும் அப்படித்தான் விழும். சில வங்கிகள் எழுதிக் கேட்டால் மாதக் கட்டணத்தைக் குறைத்துத் தரும் என்பது உண்மை. ஆனால் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டால் 44 மாதம் என்ற அந்த அழகான எண்ணிக்கை காணாமல் போய்விடும். இரண்டையும் சேர்த்து யாரும் தருவதில்லை.

எதுவும் பிழைக்காவிட்டால் அவர்கள் சொல்வதே சரி. முசலியில் எதுவும் பிழைக்காத பத்து வருடம் எப்போது வந்தது? 2016–17 காலபோகத்தில் மழை பொய்த்தது. அகத்திமுறிப்புக் குளத்தை நம்பியவர்கள் வானத்தைப் பார்த்திருந்தார்கள். 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு. அதன் பிறகு முஸ்லிம்களின் கடைகளும் தொழிலும் பட்ட அடி தெரிந்ததே. 2020இல் கொரோனா ஊரடங்கு வந்து மீனுக்குச் சந்தை இல்லாமல் போனது. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை விழுந்து வயல் பாதி விளைந்தது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவுக்குப் போனது. வெளியிணைப்பு இயந்திரத்தை மண்ணெண்ணெயில் ஓட்டிய சிறு படகுக்காரருக்கு ஒரு தடவை கடலுக்குப் போய் வருவதே கணக்குப் பார்த்துச் செய்யும் காரியமாயிற்று. ஏழு வருடத்துக்குள் ஐந்து அடி. இந்தக் கரையில் "எதிர்பாராத செலவு" என்று எதைச் சொல்வது? அது எதிர்பார்த்திருக்க வேண்டிய செலவு.

கையிருப்புக்கு விலை உண்டு. அதையும் ஒளிக்காமல் பார்ப்போம். அந்த இரண்டு இலட்சத்தை நிலையான வைப்பில் போட்டு 8 வீதம் கிடைத்தால் வருடத்துக்கு 16,000. வீட்டுக்கடனில் கட்டியிருந்தால் மிஞ்சியிருக்கும் வட்டி 24,000. வித்தியாசம் 8,000. வட்டியில் பிடிக்கும் நிறுத்திவைப்பு வரியையும் சேர்த்துப் பத்தாயிரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 800 ரூபாவுக்குச் சற்று மேல். இனி மறுபக்கம். கையில் இருந்ததையெல்லாம் வங்கியில் கொட்டிவிட்ட வருடத்தில் இயந்திரம் பழுதாகிறது. ஒரு இலட்சம் வேண்டும். நுண்நிதிக் கம்பனியில் எடுத்தால், 2018இல் விதிக்கப்பட்ட உச்சவரம்பே 35 வீதம். அந்தக் கடன் வருடம் முழுக்க நின்றால் 35,000. வீட்டுக்கடனில் 24,000 மிச்சம் பிடித்த கெட்டிக்காரர் மொத்தத்தில் 11,000 நட்டம். இயந்திரம் பழுதாகிக் கடலுக்குப் போகாத நாட்களின் கூலி இந்தக் கணக்கில் இன்னும் சேரவே இல்லை. வருடம் பத்தாயிரத்தை விரயம் என்கிறார்கள். நெருக்கடியில் 35 வீதக் கடனுக்குக் கைநீட்டாமல் இருப்பதற்கு நாம் கட்டும் காப்புறுதிக் கட்டணம் அது.

அந்த 35 வீத உச்சவரம்பு எப்படி வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. வாராவாரம் வீட்டு வாசலில் வந்து நின்று வசூலித்த கடன்கள் வடக்கிலும் கிழக்கிலும் பெண்களை என்ன பாடு படுத்தின என்பது ஊரறிந்த கதை. அரசாங்கமே தலையிட்டு, 2018இல் மன்னார் உட்பட வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், மூன்று மாதத்துக்கு மேல் நிலுவையில் நின்ற ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்நிதிக் கடன்களை இரத்துச் செய்ய முன்வந்தது. அந்தப் பெண்கள் சேமிக்கத் தெரியாதவர்கள், ஆடம்பரம் செய்தவர்கள் என்று அப்போது பேசியவர்கள் உண்டு. பலருடைய கடன் வீட்டிலிருந்தே தொடங்கியது. போருக்குப் பின் மீள்குடியேறியவர்களுக்கு இந்திய வீட்டுத்திட்டம் தந்த உதவி ஒரு புதிய வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா. வீட்டின் அளவு 550 சதுர அடி. பணம் கட்டம் கட்டமாக வரும். அத்திவாரம் எழும்பினால்தான் அடுத்த பகுதி. மணலும் சீமெந்தும் கூலியும் ஏற ஏற, அடுத்த கட்டத்தை எட்டுவதற்கு நகை அடகுக்குப் போனது, கைமாற்று வாங்கினார்கள், பிறகு நுண்நிதிக்காரர் வந்தார். கையில் ஒரு இலட்சம் இல்லாததால் 550 சதுர அடிக்காகக் கடனுக்குப் பின்னால் ஓடியவர்களிடம் போய்க் கையிருப்பைத் துடைத்து வீட்டில் போடச் சொல்வது, பட்ட புண்ணிலேயே மீண்டும் குத்துவது.

ஏறி இறங்கும் வருமானத்தின் தலையில் ஏறி இறங்காத கட்டணத்தைக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் கரையே ஒரு பெரிய பாடம் வைத்திருக்கிறது. 1905இல் மறிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் வந்தன. அரசாங்கத்துக்கு 25 இலட்சம் ரூபா வருமானம். அதைப் பார்த்து வாயூறிய இலண்டன் முதலீட்டாளர்கள் ஒரு கம்பனி தொடங்கி, 1906 முதல் இருபது வருடத்துக்கு முத்துப்பார்களைக் குத்தகைக்கு எடுத்தார்கள். வருடக் குத்தகை 3 இலட்சத்து 10 ஆயிரம் ரூபா. சிப்பி வந்தாலும் கட்ட வேண்டும், வராவிட்டாலும் கட்ட வேண்டும். 1907க்குப் பிறகு பார்கள் வெறுமையாயின. சில வருடங்களிலேயே கம்பனி கலைந்துபோனது. கணக்காளரும் விஞ்ஞானியும் வழக்கறிஞரும் வைத்திருந்த கம்பனி அது. கடலைத் தவணைக்குக் கட்டுப்படுத்த அவர்களாலேயே முடியவில்லை என்றால், ஒரு படகும் நாலு வலையும் வைத்திருப்பவரிடம் "தவணைக்கு மேலேயும் கட்டு" என்று சொல்வதில் என்ன புத்தி இருக்கிறது?

அடுத்த வாதம் உறுதிப்பத்திரம். "கடனை முடித்தால் உறுதி வங்கியிலிருந்து நம் கைக்கு வரும். பிறகு யாரும் வீட்டைத் தொட முடியாது" என்கிறார்கள். கொழும்பில் ஈடு வைத்து வாங்கிய தொடர்மாடி வீட்டுக்கு இது சரி. முசலியில் ஏராளமான குடும்பங்கள் குடியிருப்பது, 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணியில். அதை நினைத்தபடி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. அதனால் இங்கே "வீட்டுக்கடன்" என்று பேசப்படுவதில் பெரும்பகுதி, காணியை ஈடு வைத்த கடனே அல்ல: இரண்டு அரச ஊழியரின் பிணையில் எடுத்தது, நகையை வைத்து எடுத்தது, ஊழியர் சேமலாப நிதியைக் காட்டி எடுத்தது. அவற்றை முன்கூட்டி முடித்தாலும் மீட்டெடுக்க வங்கிப் பெட்டகத்தில் எந்த உறுதியும் இல்லை. வீட்டுக்கு வந்த ஆபத்தும் வங்கியிலிருந்து வரவில்லை. 2017 மார்ச்சில் வெளியான மாவில்லு பேணற்காட்டு வர்த்தமானி தங்கள் காணியையும் காட்டுக்குள் சேர்ப்பதாக எதிர்த்து மறிச்சுக்கட்டியில் சனம் வீதியோரத்தில் உட்கார்ந்தபோது, அவர்கள் எந்த வங்கிக்கும் பயந்து உட்காரவில்லை. வீட்டைப் பாதுகாப்பதுதான் நோக்கம் என்றால், மிஞ்சிய பணத்தில் முதல் பங்கு போக வேண்டியது அளவைப் படத்துக்கும், அனுமதிப்பத்திரத்தை அளிப்பாக மாற்றுவதற்கும், பின்னுரிமையாளரைப் பதிவதற்கும்.

இங்கே ஒரு நியாயமான மனவலி இருப்பதை நான் அறிவேன். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது இந்த ஊர்ச் சனம் புத்தளத்துக்கு அகதியாகப் போனது. 2007இல் முள்ளிக்குளத்துத் தமிழர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். அங்கே கடற்படை வந்து உட்கார்ந்தது. ஒருமுறை வீட்டை இழந்தவருக்கு, வீட்டின் மேல் ஒரு சதக் கடனும் இல்லாமல் தூங்க வேண்டும் என்ற தவிப்பு இருக்கும். அந்தத் தவிப்பைக் கணக்குக் காட்டி நையாண்டி செய்ய நான் தயாரில்லை. ஆனால் அந்த இரண்டு வெளியேற்றங்களும் சொன்னது வேறொன்று. எல்லா உழைப்பையும் சுவரிலும் கூரையிலும் போட்டவர்கள் அதை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். திரும்பி வந்தபோது சுவர் இருந்த இடத்தில் காடு நின்றது. வீடு பெருஞ்செல்வம்தான். ஆனால் அவசரத்துக்கு அதிலிருந்து ஒரு செங்கல்லை உடைத்து விற்றுப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாது.

அதனால்தான், "பெட்டியில் சும்மா கிடக்கிற நகையை விற்றுக் கடனை முடி" என்ற யோசனையைக் கேட்கும்போது எனக்குக் கோபமே வருகிறது. அந்த நகை பெரும்பாலும் மனைவியுடையது. வீட்டுக்கடன் பெரும்பாலும் கணவன் பெயரில். அவளுக்கென்று இருக்கும் ஒரே சொத்தை எடுத்து, அவள் பெயர் இல்லாத பத்திரத்துக்குக் கட்டச் சொல்வதைச் சிக்கனம் என்று எப்படி அழைப்பது? ஒரு மணி நேரத்தில் காசாகக்கூடிய பொருள் வீட்டில் அது ஒன்றுதான். 2021இல் ஒரு இலட்சத்தை ஒட்டியிருந்த பவுண் விலை 2025இல் மூன்று இலட்சத்தைத் தாண்டிவிட்டது. அன்று விற்றுக் கடன் கட்டியவர்கள் இன்று அதே நகையை வாங்கிப் பார்க்கட்டும். தங்கம் எந்நாளும் ஏறிக்கொண்டே இருக்கும் என்று நான் சொல்லவில்லை. ரூபா சரியும்போது சரியாத ஏதோ ஒன்று வீட்டில் இருக்க வேண்டும் என்கிறேன். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டபோது, மாறா வட்டியில் கடன் எடுத்திருந்தவரின் கடன் தானாகவே இளைத்தது. அதை முந்திய வருடத்தில் நகை விற்று முடித்தவர் அந்த நன்மையையும் இழந்தார், நகையையும் இழந்தார்.

மார்க்கத்தின் பெயரால் வைக்கப்படும் வாதத்தை மரியாதையோடு எடுத்துக்கொள்கிறேன். "வட்டி ஹராம், எப்பாடு பட்டாவது வட்டிக் கடனிலிருந்து வெளியே வர வேண்டும்." சரி, வெளியே வருவோம். ஆனால் ஒரு குடும்பம் கொடுக்கும் வட்டி முழுவதையும் சேர்த்துப் பாருங்கள். 12 வீத வட்டியிலிருந்து தப்புவதற்காகக் கையிருப்பைக் கரைத்து, அடுத்த நெருக்கடியில் 35 வீத வட்டிக்குப் போனால், அந்த வீட்டிலிருந்து போகும் வட்டி கூடியதா குறைந்ததா? வட்டியை வெறுப்பவர் முதலில் அடைக்க வேண்டியது அதிக வட்டியை; பிறகு, திரும்ப வட்டிக்குப் போகாமல் தடுக்கும் கையிருப்பைக் கட்ட வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகம் இதற்கு உண்மையிலேயே உதவ விரும்பினால், குத்பாவில் கண்டிப்பதோடு நிற்காமல், இயந்திரம் பழுதானவருக்கும் மருத்துவச் செலவு வந்தவருக்கும் ஐம்பதாயிரமோ ஒரு இலட்சமோ கர்ளு ஹசனாவாக (வட்டியில்லாக் கடனாக)க் கொடுக்க ஒரு நிதியைத் தொடங்கலாம். அரிப்பிலும் முள்ளிக்குளத்திலும் பங்குச் சபைகள் செய்யக்கூடியதும் இதுதான்.

மாதச் சம்பளக்காரரை நான் விலக்கி வைக்கிறேன். ஆசிரியருக்கும் பிரதேச செயலக ஊழியருக்கும் சம்பளம் திகதி தவறாமல் வரும்; அவர்கள் தவணைக்கு மேல் கட்டினால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அரச ஊழியரின் ஆதனக் கடனில் வட்டியின் ஒரு பகுதியை அரசே சுமக்கிறது. இவ்வளவு மலிவான கடனை அவசரப்பட்டு முடிப்பதில் இலாபம் சொற்பம். அத்தோடு ஊரில் பாதிப் பேருக்குப் பிணைக் கையெழுத்துப் போட்டவர்களும் அவர்களே. மைத்துனர் தவணை தவறினால் வங்கி பிடிப்பது இவர்களுடைய சம்பளத்தை. மாறும் வட்டியில் கடன் எடுத்தவர்கள் இன்னொரு விதிவிலக்கு. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப்புள்ளி உயர்த்தியது. அதன் பிறகு வங்கியிலிருந்து வந்த கடிதத்தைப் பார்த்து மயங்காதவர் குறைவு. அப்படி வீட்டுக்கடனின் வட்டியே 20 வீதத்துக்கு மேல் ஏறிவிட்டால், அப்போது அதுவே அதிக வட்டிக் கடன். வரிசையில் முன்னுக்கு வந்துவிடும்.

கடைசி வாதம்தான் நடைமுறையில் வலுவானது. "கையில் காசு இருந்தால் நிற்காது. கல்யாணம் வரும், சொந்தக்காரர் கேட்பார், போன் வாங்கச் சொல்லிப் பிள்ளை அழும். வங்கியில் கட்டிவிட்டால் யாரும் தொட முடியாது." உண்மை. ஆனால் தொடக் கூடாத காசு வைத்திருக்கும் பழக்கம் விவசாயிக்குப் புதிதா? எவ்வளவு பஞ்சத்திலும் விதைநெல்லை அவித்துத் தின்னாத சனம் இது. அதே ஒழுங்கைக் காசுக்கும் கொண்டுவர வழிகள் இருக்கின்றன. கணவன் மனைவி இருவரும் கையெழுத்திட்டால்தான் எடுக்கக்கூடிய கணக்கில் மூன்று மாத வைப்பாகப் போடலாம். அவசரம் என்றால் வைப்பை முறிக்காமல் அதன் மேலேயே குறைந்த வட்டியில் கடன் எடுக்கலாம். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் ஒவ்வொரு நாள் பிடியிலிருந்தும் ஒரு பங்கைக் கழித்துச் சேமிக்கச் சொல்லலாம். காசு கையில் நிற்காது என்பது உண்மையான நோய்தான். அதற்காகக் காசே இல்லாமல் ஆக்கிக்கொள்வது மருந்தாகாது.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் வாரக் கட்டண நுண்நிதிக் கடன். இரண்டாவது, மீன் வாங்கும் முதலாளியின் முற்பணம். அதற்கு வட்டி இல்லை என்று பலர் நம்புகிறார்கள். கிலோவுக்கு 50 ரூபா குறைத்துப் போட்டால், நாளைக்கு 20 கிலோ கொடுப்பவர் 1,000 ரூபா இழக்கிறார். மாதம் 20 நாள், வருடம் எட்டு மாதம் என்றால் 1 இலட்சத்து 60 ஆயிரம். இரண்டு இலட்சம் முற்பணத்துக்கு இது 80 வீத வட்டி. மூன்றாவது, ஏலத்துக்குப் போகும் நிலையிலுள்ள அடகு நகை. நாலாவது, ஒரு சோழகம் முழுவதும் வீட்டுச் செலவையும் வங்கித் தவணையையும் தாங்கக்கூடிய கையிருப்பு. விவசாயக் குடும்பத்துக்கு ஒரு போகம் முழுதாகப் பிழைத்தாலும் அடுத்த விதைப்புக்குப் போதுமான தொகை. இத்தனையும் முடிந்து மிஞ்சினால் வீட்டுக்கடன். அப்போதும், முன்கூட்டி முடிப்பதற்கு வங்கி கட்டணம் அறவிடுமா என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

வங்கிகளிடமும் ஒன்று கேட்க வேண்டும். சோழகம் எப்போது வரும் என்று மன்னாரில் கிளை வைத்திருக்கும் வங்கிக்குத் தெரியாதா? சோழக மாதங்களில் வட்டி மட்டும், பாடு நல்லாய் உள்ள மாதங்களில் கூடிய கட்டணம் என்று ஒரு தவணை அட்டவணை போடுவது பெரிய வித்தையல்ல. அறுவடைக்குப் பின் செலுத்தும் பயிர்க்கடனை வங்கிகள் காலங்காலமாகக் கொடுத்துத்தான் வருகின்றன. விதைப்பவருக்குத் தரும் சலுகையை வலை வீசுபவரின் வீட்டுக்கடனுக்கு ஏன் தரக் கூடாது? முன்கூட்டி அடைக்கச் சொல்லி மக்களுக்கு வகுப்பெடுப்பவர்கள், அந்த நேரத்தில் பாதியை வங்கி முகாமையாளரிடம் இதைக் கேட்பதில் செலவழித்தால் ஊருக்கு நன்மை.

இந்த வரிசைப்படி போனால் உங்கள் வீட்டுக்கடன் இரண்டு மூன்று வருடம் பிந்தி முடியும். மச்சான் கட்டாரிலிருந்து கேலி செய்யக்கூடும். செய்யட்டும். அவருக்குச் சம்பளம் மாதம் பிறந்தால் வருகிறது. உங்களுக்குக் காற்று மாறினால்தான் வருகிறது. பிந்தி முடிந்த கடனால் முசலியில் வீடு இழந்த குடும்பத்தை எனக்குக் காட்டுங்கள். அவசரத்துக்குக் கையில் காசில்லாமல் நகையையும் படகையும் இழந்த குடும்பங்களை, ஊருக்கு ஊர் நான் காட்டுகிறேன்.